பனிச்சாலையில் பிக்கப் டிரக்: அகல டயரா, ஒடுக்கமான டயரா?

கனடாவின் ஒன்டாரியோவில் குளிர்காலம் நெருங்கினால் பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களிடையே இந்த வாதம் கிளம்பிவிடும். என் வண்டியோடு வந்த டயரின் அளவு 275/65 ஆர்18: முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் அங்குல அளவு. அகலம் வேண்டுமென்றால் 305/60 ஆர்18. ஒடுக்கமாக வேண்டுமென்றால், வண்டிக்கு 17 அங்குல ரிம் பொருந்துமானால், 255/75 ஆர்17. மூன்றின் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான், வேகமானி பெரிதாகப் பிசகாது.

நான் 255-இன் கட்சி. புதுப்பனியில் இரு வண்டிகள் போன தடங்களைக் குனிந்து பாருங்கள். ஒடுக்கமான டயர் பனியைப் பிளந்து சென்றிருக்கும், அடியில் தார் கறுப்பாகத் தெரியும். அகல டயரின் தடத்தில் பனி அப்பளமாக அமுங்கி வெள்ளையாகவே கிடக்கும். காற்றழுத்தம் ஒன்றானால் தரையைத் தொடும் பரப்பு அதிகம் மாறாது, வடிவம்தான் மாறும். ஒடுக்கமான டயரில் அது முன்பின்னாக நீளும், எதிரே ஒதுக்கவேண்டிய பனியும் குறையும்.

உண்மையான ஆபத்து உப்பு போட்ட நெடுஞ்சாலையில் இருக்கிறது. பாதி உருகிய பனி தோசை மாவுப் பதத்தில் தடங்களுக்கு நடுவே வரப்பாகக் குவிந்திருக்கும். 305 போட்ட நண்பரின் வண்டியில் தடம் மாறியபோது, ஸ்டீயரிங் கையில் கனமே இல்லாமல் போன அந்த ஒரு நொடியை நான் மறக்கவில்லை. டயர் சாலையை விட்டு அந்த மாவின்மேல் ஏறிவிட்டது. பின்தொட்டியும் காலி, பின்சக்கரங்களை அழுத்த எடையில்லை.

அகல டயருக்கும் அதற்கான இடம் உண்டு. ஐஸ்லாந்தின் பனியாற்றுப் பரப்புகளில் 38 அங்குலமும் அதற்கு மேலும் உயரமான பெருத்த டயர்களைப் போட்டு, காற்றைச் சில பி.எஸ்.ஐ. வரை இறக்கி ஓட்டுகிறார்கள். அங்கே பிளந்து இறங்கினாலும் தரை எட்டாது. ஒடுக்கமான டயர் குழிபறித்து, வண்டி வயிற்றில் உட்கார்ந்துவிடும். ஒட்டகப் பாதம்போல் பரந்து மிதப்பதே அங்கு வழி. பனி வாரும் வண்டி தினமும் வந்துபோகும் தெருவில் காற்றை இறக்காத 305-க்கு அந்தப் பலன் கிடைக்காது.

வழவழத்த உறைபனியில் அகலம் இரண்டாம்பட்சம். குளிரிலும் இறுகாத ரப்பரும் அதில் கீறிய நுண்வெட்டுகளுமே அங்கே காப்பாற்றும். டயரின் பக்கச்சுவரில், பனிக்கு ஏற்றது என்பதற்கு அடையாளமான மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம்.

ஒடுக்கமானதை வாங்குபவர்கள், டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் எண்ணான சுமைக் குறியீட்டில் மட்டும் விட்டுக்கொடுக்கவேண்டாம். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள தாளில் இருக்கும் டயர் அளவுக்கு உரிய குறியீட்டைவிட அது குறையக்கூடாது.