குடியை நிறுத்த ஃபோன்லயே மாத்திரை வாங்கப் போறீங்களா? எங்க வீட்டுல நடந்ததைப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க

நேத்து காரிமங்கலத்துல இருந்து என் நாத்தனார் ஒரு விளம்பரம் அனுப்பி, "அண்ணி, இது வாங்கலாமா"ன்னு கேட்டிருந்தாங்க. பார்த்ததும் கை நடுங்கிடுச்சு. பேர் வேற, ஆனா என்னை ஏமாத்தின அதே ஆளுங்க, அதே வாசகம்: "குடிப்பவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம்."

எங்க ஊர் பாலக்கோடு பக்கம். வீட்டுக்காரர் தக்காளி மண்டியில லோடு ஏத்துறவர். பன்னிரண்டு வருஷக் குடி. மார்கழியில அவங்களோட பழைய விளம்பரத்தைப் பார்த்துட்டு, தோட்டை அடகு வச்சு 5,400 ரூபாய் கட்டினேன். வீடியோ கால்ல டாக்டர்னு வந்தவர் அஞ்சு நிமிஷம்கூடப் பேசலை. வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கன்னு கேட்கலை. கல்லீரல் டெஸ்ட் பார்த்தீங்களா, இதயத்துல கோளாறு உண்டா, எதுவும் கேட்கலை. "பொடி பண்ணி ரசத்துல கலந்துடுங்கம்மா, தெரியாது"ன்னார். வாட்ஸ்அப்ல வந்த மருந்துச் சீட்டுல டாக்டரோட பதிவு எண்ணே இல்லை. அதைப் பார்க்கணும்னு அப்போ எனக்குத் தெரியாது.

கலந்த முதல் நாள் ராத்திரி குடிச்சிட்டு வந்து, தலைவலின்னு படுத்துட்டார். மருந்து வேலை செய்யுதுன்னு நான் சாமி கும்பிட்டேன். மறுநாள் எட்டு மணிக்கு வந்தவருக்கு முகம், கழுத்து, கண்ணு எல்லாம் செக்கச்செவேல்னு இருந்துச்சு. நெஞ்சு அடிக்கிறது சட்டைக்கு மேலயே தெரிஞ்சது. வாசப்படியிலயே வாந்தி. உடம்பு சில்லுன்னு வேர்த்து, அப்படியே சரிஞ்சுட்டார். 108ஐக் கூப்பிட்டு தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

டியூட்டி டாக்டர் மாத்திரை அட்டையைப் பார்த்ததும், "யாரும்மா இதைக் குடுத்தது"ன்னு சத்தம் போட்டாங்க. அந்த மாத்திரை பேர் டைசல்ஃபிரம். சாராயம் உடம்புல உடையும்போது நடுவுல அசிட்டால்டிஹைடுன்னு ஒரு விஷம் உண்டாகும். அதை அழிக்கிற வேலையை இந்த மாத்திரை தடுத்துடும். நல்ல மருந்துதானாம், ஆனா குடிக்கிறவர் சம்மதிச்சு, தெரிஞ்சு சாப்பிடணும். கடைசியா குடிச்சு 12 மணி நேரமாவது ஆகியிருக்கணும். மாத்திரையை விட்ட பிறகும் 14 நாள் வரைக்கும் குடிச்சா இதே மாதிரி ஆகலாம்னாங்க.

அதோட முடியலை. குடி திடீர்னு நின்னதுல மூணாவது நாள் ராத்திரி வார்டுல, சுவத்துல எறும்பு ஊருதுன்னு போர்வையால தட்டிக்கிட்டே இருந்தார். நான் யாருன்னே அவருக்குத் தெரியலை. தினமும் குடிக்கிறவங்க சட்டுன்னு நிறுத்தினா ஒண்ணு ரெண்டு நாள்ல வலிப்பு வரலாம், மூணாம் நாள் வாக்குல புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்னு நர்ஸம்மா சொன்னாங்க. ஆஸ்பத்திரியில இருந்ததால வைட்டமின் பி1 ஊசியும் மத்த மருந்தும் போட்டுப் பிழைக்க வச்சாங்க. இதே வீட்டுல நடந்திருந்தா?

பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்த நம்பருக்குப் பேசினேன். "கை நடுக்கத்துக்கு வேற மாத்திரை இருக்கு, 1,900 ரூபாய்"னு ஒரு பொண்ணு சொல்லுச்சு. பேர் கேட்டேன், குளோர்டயசெபாக்சைடாம். டாக்டர்கிட்ட சொன்னேன். அது போதைப்பொருள் சட்டத்துக்குள்ள வர்ற மருந்து, அதை ஃபோன்லயோ வீடியோ கால்லயோ எழுதவே கூடாதுன்னு 2020 மார்ச்ல வந்த தொலை மருத்துவ விதியிலயே இருக்குதாம். சீட்டுல பதிவு எண் போடணும்ங்கிறதும் அதே விதிதான்.

ஃபோன்ல டாக்டரைப் பார்க்கிறதே தப்புன்னு நான் சொல்லலை. 14416 டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி எண்ல தமிழ்லயே இலவசமா பேசுறாங்க. குடி, போதைக்குன்னே 14446 இருக்கு. இப்போ என் வீட்டுக்காரரே அதுல பேசுறார். குடிக்காம ரெண்டு மாசம் ஆகுது.

ஆனா என் கையால எது போட்டாலும் யோசிக்கிறார். ரசக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, "நீ ஒரு வாய் குடி"ம்பார். குடிச்சுக் காட்டின பிறகுதான் சோத்துல ஊத்திக்கிறார். அவருக்குத் தெரியாம கலந்தது நான்தான், அவரை என்ன சொல்ல முடியும்?

1930ங்கிற சைபர் குற்றப் புகார் நம்பர்ல பணத்துக்குப் புகார் குடுத்திருக்கேன். ஏற்கெனவே இப்படி வாங்கிக் கலந்துக்கிட்டு இருக்கிறவங்க இன்னைக்கே நிறுத்துங்க. நிறுத்தினதோட, என்ன குடுத்தீங்கன்னு அந்தக் குடிக்கிறவர்கிட்டயும் ஒரு டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க. மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாதீங்க. அன்னைக்கு அதை முந்தானையில முடிஞ்சு எடுத்துட்டுப் போனதாலதான் என்ன மருந்துன்னு டாக்டருக்கு உடனே தெரிஞ்சது.