14 மாதம் ஓடிய லித்தியம் பேட்டரி லைட்: எல்லாம் சரி, அந்த டைப்-சி துளை மட்டும்...

"உங்க அப்பா லைட்டு மாதிரி என்னோடதையும் லித்தியத்துக்கு மாத்தலாமாடா?" என்று நண்பன் நேற்று கேட்டான். போன வாரம் கேட்டிருந்தால் உடனே சரி என்றிருப்பேன்.

ராத்திரி மோட்டார் போட அப்பா எடுத்துப் போகும் லைட் அது. உள்ளே இருந்த 4 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, இரண்டு மாதம் சும்மா கிடந்தாலே படுத்துவிடும். அதைக் கழற்றிவிட்டு 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் செல் ஒன்றையும், அதைச் சார்ஜ் செய்ய டைப்-சி துளையும் பாதுகாப்பு சர்க்யூட்டும் உள்ள டிபி4056 என்ற சின்ன போர்டையும் வைத்தேன். பிளக்கில் செருகும் பழைய பின்னை அடியோடு வெட்டி எடுத்தாயிற்று. அதை மட்டும் யாரும் விட்டுவைக்காதீர்கள். அந்தப் பின்னோடு இருக்கும் லெட் ஆசிட்டுக்கான சார்ஜர் 4.8 வோல்ட் வரை ஏற்றும், லித்தியம் 4.2-ஐத் தாண்டினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

செல்லைச் சால்டர் வைத்துப் பற்றவைத்ததும் லைட் எரியவில்லை. போர்டு போச்சு என்றே நினைத்தேன். ஒருமுறை சார்ஜரைச் செருகியதும் விழித்துக்கொண்டது. அப்புறம் ஒரு குறையும் இல்லை. வெளிச்சம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் கையில் கனமே தெரியவில்லை. மழைக்காலம் முழுக்கப் பரணில் கிடந்ததை எடுத்து அழுத்தினேன், பளிச்சென்று எரிந்தது. அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

போன வாரம் அப்பா புது போன் சார்ஜரில், இரண்டு முனையும் டைப்-சியாக உள்ள கேபிளைப் போட்டு ராத்திரி முழுக்கச் செருகி வைத்திருக்கிறார். துளிகூட ஏறவில்லை. மறுநாள் பாதி வரப்பில் லைட் அணைந்து, இருட்டிலேயே தடவித் தடவி வீடு வந்து சேர்ந்தார். பாம்பு நடமாடும் இடம் அது.

அந்த வகைக் கேபிளில், எதிர்முனையில் உள்ள கருவிக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) இருந்தால்தான் சார்ஜர் 5 வோல்ட்டைத் திறந்துவிடும். நான் வாங்கிய போர்டில் அந்த இரண்டு ரெசிஸ்டரும் இல்லை. இரண்டும் சேர்ந்து ஒரு ரூபாய்கூட ஆகாது. டைப்-சி துளையை வைத்துவிட்டு இதை விட்டுவிடுவது பச்சை ஏமாற்று வேலை.

நண்பனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை லைட்டைத் திறந்து அந்த ரெசிஸ்டர்களை நானே பற்றவைக்கப் போகிறேன். அதுவரை, ரெசிஸ்டர் இல்லாமலே சார்ஜ் ஏற்றும், ஒரு முனை பழைய யூஎஸ்பியாக உள்ள கேபிளை லைட்டின் கைப்பிடியிலேயே சணல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.