தாய் உருப்படியைக் கண்டறிதல்: ஜூம்லா, ட்ரூப்பல், வேர்ட்பிரஸ் மெனு டெம்ப்ளேட்டுகள் – ஓர் ஒப்பீடு

ஜூம்லா, ட்ரூப்பல், வேர்ட்பிரஸ் ஆகிய இணையதள உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்களில், மெனுவில் ஓர் உருப்படி தாய் உருப்படியா (துணை உருப்படிகள் கொண்டதா) என்று டெம்ப்ளேட்டில், அதாவது பக்கத்தின் வடிவத்தை வரையும் கோப்பில், சோதிக்கும்போது இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அதன் கீழ்த் துணை உருப்படிகள் சேர்க்கப்பட்டுள்ளனவா என்பது ஒன்று. அவை இந்த இடத்தில் திரைக்கு வரப்போகின்றனவா என்பது மற்றொன்று. முதன்மை மெனுவையே பக்கத்தின் அடியிலும் முதல் நிலை மட்டும் தெரியும்படி வைக்கும் தளங்களில் இந்த வேறுபாடு உடனே வெளிப்படும்: ‘துறைகள்’ என்பதன் அருகே கீழ்நோக்கிய அம்புக்குறி இருக்கும், அழுத்தினால் விரிவதற்கு எதுவும் இருக்காது. திரைவாசிப்பானை நம்பித் தளத்தைப் பயன்படுத்துபவருக்கோ இது இல்லாத பட்டியலை இருப்பதாகச் சொல்லும் பொய்யான அறிவிப்பு. எனவே, இவ்விரு கேள்விகளையும் இம்மூன்றில் எது தெளிவாகப் பிரித்துத் தருகிறது என்பதையே இங்கு அளவுகோலாகக் கொள்கிறேன்.

ஜூம்லாவின் மெனு மாட்யூல் (மெனுவைக் காட்டும் பகுதி) இரண்டுக்கும் தனித்தனிப் பெயரே வைத்திருக்கிறது. ஒவ்வோர் உருப்படியோடும் ‘பேரன்ட்’, ‘டீப்பர்’, ‘ஷாலோவர்’, ‘லெவல்_டிஃப்’ ஆகிய மதிப்புகள் வருகின்றன. கீழே துணை உருப்படி இருந்தாலே ‘பேரன்ட்’ உண்மையாகிவிடும். அடுத்து அச்சாகும் உருப்படி ஒரு நிலை உள்ளே இருந்தால்தான் ‘டீப்பர்’ உண்மையாகும். மாட்யூலின் இறுதி நிலையை (காட்ட வேண்டிய கடைசி ஆழத்தை) 1 என்று அமைத்துப் பார்த்தால் முன்னது உண்மையாகவும் பின்னது பொய்யாகவும் நிற்பதைக் காணலாம். அம்புக்குறியை ‘டீப்பர்’ மீதுதான் பொருத்த வேண்டும். ஆனால் ‘பேரன்ட்’ என்ற கிளாஸ் (தோற்ற விதிகளைப் பொருத்த உதவும் பெயர்) கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால் பலர் அதன்மீதே சிஎஸ்எஸ் என்னும் தோற்ற விதிகளை எழுதிவிடுகிறார்கள். இந்தத் தெளிவுக்கு ஒரு விலையும் உண்டு. உருப்படிகள் மரமாக (ஒன்றினுள் ஒன்றாக) அல்லாமல் தட்டையான வரிசையாக வருவதால், உட்பட்டியல் முடியும் இடங்களில் ‘லெவல்_டிஃப்’ எத்தனையோ அத்தனை முறை மூடும் டேகுகளை நாமே எழுத வேண்டும். ஒன்று தவறினாலும் பக்கத்தின் அமைப்பே குலையும்.

2015இல் வெளிவந்த ட்ரூப்பல் 8 முதல் மெனு, ட்விக் என்னும் டெம்ப்ளேட் மொழியில் எழுதிய டெம்ப்ளேட்டுக்கு மரமாகவே வந்து சேர்கிறது. துணை உருப்படிகளைத் தாங்கும் ‘ஐட்டம்.பிலோ’ காலியாக இல்லையென்றால், மெனுவை வரையும் மேக்ரோ (பெயரிட்ட குறிநிரல் துண்டு) தன்னைத்தானே மீண்டும் அழைத்து உட்பட்டியலை வரைகிறது. மூடும் டேகுகளை எண்ணும் வேலை இல்லை. துணை உருப்படிகள் இந்த மரத்தில் காட்டப்பட்டால் ‘ஈஸ்_எக்ஸ்பாண்டட்’, இருந்தும் இங்கே காட்டப்படாவிட்டால் ‘ஈஸ்_கொலாப்ஸ்டு’ என்று இரு நிலைகளும் பிரிந்தே கிடைக்கின்றன. மூன்றில் எனக்கு மிகவும் நிறைவளிப்பது இதுதான்.

வேர்ட்பிரஸ் 3.7 பதிப்பில், 2013இல், ‘மெனு-ஐட்டம்-ஹாஸ்-சில்ட்ரன்’ என்ற கிளாஸைச் சேர்த்தது. சிஎஸ்எஸ் மட்டும் எழுதுபவருக்கு இது போதும். டெம்ப்ளேட்டில் முடிவெடுக்க இதை நம்புவது சரியன்று, ஏனெனில் மெனு கிளாஸ்களைக் குறைக்கும் ஃபில்டர் (வெளியீட்டை இடையில் மாற்றும் குறிநிரல்) எதுவும் இதையும் சேர்த்து நீக்கிவிடக்கூடும். 4.0 முதல், உருப்படிகளை ஒவ்வொன்றாக அச்சிடும் வாக்கர் வகுப்பில் உள்ள ‘ஹாஸ்_சில்ட்ரன்’ பண்பு அதைவிட உறுதியானது. ஆனால் அது முதல் கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது. இரண்டாவதற்கு நாமே ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும்: நிலை வரம்பு 0 ஆக, அதாவது வரம்பற்றதாக, இருக்க வேண்டும், இல்லையென்றால் நடப்பு ஆழத்தோடு 1ஐக் கூட்டினாலும் அது வரம்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஒரே ஒரு வரிதான், ஆனால் இணையத்தில் நகலெடுக்கக் கிடைக்கும் வாக்கர்களில் பெரும்பாலும் அது இருப்பதில்லை.

எதிர்த் திசையில், ஓர் உருப்படியின் தாய் எது என்று தேடும்போதும் வேர்ட்பிரஸில்தான் கூடுதல் கவனம் தேவை. ‘மெனு_ஐட்டம்_பேரன்ட்’ தருவது தாய் மெனு உருப்படியின் எண்ணையே தவிர, அது சுட்டும் பக்கத்தின் எண்ணை அன்று. பக்கத்தின் எண்ணோடு ஒப்பிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது, தாய் மட்டும் கிடைக்காது. நடப்புப் பக்கத்தின் மேல்நிலைகளை ஒளிர்விப்பது மட்டுமே நோக்கமென்றால் இந்தத் தேடலே வேண்டாம். ‘கரண்ட்-மெனு-ஆன்செஸ்டர்’ கிளாஸ் போதும். ட்ரூப்பலில் ‘இன்_ஆக்டிவ்_ட்ரெயில்’, ஜூம்லாவில் ‘ஆக்டிவ்’ கிளாஸ் ஆகியவை அதே வேலையைச் செய்கின்றன.