கடைசி இலக்கம் எங்கே?

மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். போன வேலைகள் எல்லாம் முடிந்தன. ஆனால் இன்னும் மனதை அறுப்பது ஒரு இணையப் படிவத்தில் கைபேசி எண் கேட்ட அந்தக் கட்டம்தான்.

அம்மாவின் பரிசோதனைக்கு ஆன்லைனில் நேரம் வாங்க வேண்டியிருந்தது. தகவல் எனக்கு வரட்டும் என்று என் அமெரிக்க எண்ணைக் கொடுத்தேன். முன்னால் +1, அப்புறம் மூன்று, மூன்று, நான்கு எனப் பத்து இலக்கம். படிவம் கூட்டல் குறியை விழுங்கிவிட்டு, 1-ஐ முதல் இலக்கமாக எடுத்துக்கொண்டது. பத்து நிரம்பியதும் என் எண்ணின் கடைசி இலக்கத்தைச் சத்தமில்லாமல் வெட்டியது. சிவப்பு எழுத்தில் ஒரு சொல்கூட வரவில்லை. மிஞ்சியதை ஐந்து ஐந்தாகப் பிரித்து அழகாகக் காட்டியது.

அந்த ஐந்து ஐந்தில்தான் ஏமாந்தேன். சொந்த எண்ணை நாம் ஒரு தாளமாகத்தான் மனதில் வைத்திருக்கிறோம். மூன்று, மூன்று, நான்கு என்று பழகிய கண்ணுக்கு வேறு தாளத்தில் காட்டினால், அது என் எண் மாதிரியே இல்லை. அதில் ஒன்று குறைவது எப்படித் தெரியும்? இடைவெளி விட்டுக் காட்டுவதே பிழை கண்ணில் படுவதற்காக. இங்கே அதுவே பிழையை மறைத்தது.

ஓடிபி வரவில்லை. மறுபடி கேட்டேன், வரவில்லை. மூன்றாவது தடவை, 24 மணி நேரம் கழித்து முயலச் சொல்லிப் பக்கம் பூட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்த அக்கா மகன்தான் எட்டிப் பார்த்துக் கேட்டான்: “சித்தி, உங்க நம்பர் மூணுல முடியுமே? இங்க எட்டுல நிக்குது!”

பழைய காகிதப் படிவம் நினைவுக்கு வந்தது. எழுத்துக்கு ஒரு கட்டம். எத்தனை இலக்கம் வேண்டும் என்பதைக் கட்டங்களே சொல்லிவிடும். பதினோராவது இலக்கத்தை ஓரத்தில் நுணுக்கி எழுதினாலும் கவுண்டரில் இருப்பவர் படித்துக்கொள்வார். ஒன்று விட்டுப்போனால் “எண் குறையுதும்மா” என்று கையில் திருப்பித் தருவார். கால் கடுக்க நின்றிருக்கிறோம், ஆனால் எழுதியதை யாரும் நமக்குத் தெரியாமல் அழித்ததில்லை.

நான் இருக்கும் இடத்தில் தினமும் நிரப்பும் படிவங்கள் பெரும்பாலும் இடைவெளி, கோடு, அடைப்புக்குறி எதைப் போட்டாலும் வாங்கிக்கொண்டு, தேவையானதைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. கடன் அட்டை எண்ணை அடிக்க அடிக்க நான்கு நான்காகப் பிரியும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அட்டையானால் அதன் 15 இலக்கமும் நான்கு, ஆறு, ஐந்து என்று அட்டையில் இருக்கிறபடியே விழும். அட்டை எண்ணுக்கு இன்னொரு காவலும் உண்டு. ஐபிஎம்மின் ஹான்ஸ் பீட்டர் லூன் கண்டுபிடித்து 1960-இல் காப்புரிமை பெற்ற கணக்குப்படி, அதன் கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்க்கும். ஒரு இலக்கத்தை மாற்றி அடித்தால் உடனே பிடித்துவிடலாம். கைபேசி எண்ணுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. என் வெட்டுப்பட்ட எண்ணும் படிவத்துக்கு நல்ல எண்தான். அதனாலேயே அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

நாட்டுக் குறியீட்டோடு சேர்த்துச் சர்வதேச எண் 15 இலக்கம் வரை போகலாம். அதற்கு இடம் விடுவதில் என்ன சிரமம்? அடிப்பதை முழுசாக வாங்கட்டும். விரல் கட்டத்தை விட்டு நகர்ந்த பிறகு, அந்தந்த நாட்டுத் தாளத்தில் பிரித்துக் காட்டட்டும். கூடினாலோ குறைந்தாலோ கட்டத்துக்குக் கீழேயே சொல்லட்டும். உள்நாட்டு எண் மட்டும்தான் என்றால் அதை முதலிலேயே எழுதி வைக்கட்டும், நான் கோபித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

அம்மாவின் பிறந்த தேதியை அடிக்கவும் அந்தப் படிவம் விடவில்லை. 1951-ஐத் தேடி நாட்காட்டியில் மாதம் மாதமாகப் பின்னால் போனேன். சரி, அது வேறு கதை.

மறுநாள் அக்காவின் எண்ணைப் போட்டோம், அரை நிமிடத்தில் முடிந்தது. நான் திரும்பிவந்து பத்து நாள் ஆகிறது. அம்மாவின் பரிசோதனைத் தகவல் எல்லாம் இன்னும் அக்காவுக்குத்தான் போகிறது. அவள் ஒவ்வொன்றையும் படம் பிடித்து எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.