8,000 ரூபாய்க்கு ஒரு பச்சை மூங்கில்

நேற்றுதான் என் அக்கா மகனுக்குப் புருவத்தில் போட்ட தையலைப் பிரித்தார்கள். நாலு தையல். ஒரு பயிற்சி வகுப்பில் காசு கொடுத்து வாங்கிய மூங்கில் வில் முறிந்து பட்டது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். வெட்கத்தை விட்டு இதை எழுதுவதற்கு அதுதான் காரணம். ஆள் யார், இடம் எது என்று பெயர் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும்.

எனக்கு இந்த வில் பைத்தியம் சின்ன வயதிலிருந்தே உண்டு. கருவேலங் கவட்டையை வெட்டி, சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டி, உண்டிவில்லோடு தோப்புத் தோப்பாகச் சுற்றிய கூட்டம் நாங்கள். அதனால் வாட்ஸ்அப்பில் அந்த அறிவிப்பு வந்ததும் மனசு நிற்கவில்லை. அழகர்மலை அடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு, இரண்டு நாள் பயிற்சி, ‘உங்கள் வில்லை நீங்களே செய்து எடுத்துப் போங்கள்’ என்று போட்டிருந்தார்கள். தலைக்கு 4,500 ரூபாய், சாப்பாடு உட்பட. முழுப் பணத்தையும் முன்கூட்டியே ஜீபேயில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன்.

மொத்தம் 18 பேர் வந்திருந்தோம். நடத்தியவர் நன்றாகப் பேசத் தெரிந்தவர். முதல் நாள் காலை முழுக்கப் பேச்சுதான். வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்த கதையைச் சொன்னார். புறநானூற்றில் இருப்பதுதான், பொய்யில்லை. ஆனால் ஓரியின் வில் நிச்சயமாகப் பச்சை மூங்கிலாக இருந்திருக்காது.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் ஒரு லோடு ஆட்டோவில் வில்கள் வந்து இறங்கின. ஏற்கெனவே சீவி, வளைத்து, நுனியில் நாணுக்கு வெட்டும் போட்டு வைத்திருந்தார்கள். நாங்கள் ‘செய்தது’ உப்புத்தாள் தேய்த்ததும் வார்னிஷ் அடித்ததும் மட்டும். கேட்டதற்கு, “சீவுறது ஆபத்துங்க, இன்சூரன்ஸ் பிரச்சினை வரும்” என்றார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். சாம்பார் சாதம் வேறு நன்றாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

மூங்கில் வெட்டி ஆறு மாதம் ஆகிறது, புகையில் காயவைத்தது, 28 அங்குலம் இழுக்க 40 பவுண்டு பலம் வேண்டியிருக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பழைய தொங்கு தராசின் கொக்கியை நாணில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். 40 பவுண்டு என்றால் சுமார் 18 கிலோ. 24 அங்குலத்தில் தராசு 9 கிலோகூடத் தொடவில்லை. போகப் போக இறுகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் நாணைக் கழற்றியும் வில் நிமிரவில்லை, கட்டிய வளைவிலேயே நின்றது. இளம்பிள்ளை முதுகு வளைந்து உட்கார்ந்தால் ‘நிமிர்ந்து உட்காரு’ என்று சொல்வோமே, அந்தக் கோலம். அதையும் பழகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்தான். மொட்டை மாடியில் பழைய சாக்கில் வைக்கோலை அடைத்து வைத்து, அதில் அம்பு விட்டுக்கொண்டிருந்தோம். “மாமா, முழுசா இழுக்கவா?” என்றான். இழுடா என்றது நான்தான். அம்பு நாணில் இருக்கும்போதே கைப்பிடிக்கு மேலே பட்டென்று முறிந்து, மேல்பாதி திரும்பி அவன் முகத்தில் அடித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பயிற்சி நடத்தியவருக்குப் போன் போட்டேன். “வெறும் நாணை இழுத்து விட்டிருப்பீங்க சார், எல்லாரும் பண்ற தப்புதான்” என்றார். அம்பில்லாமல் நாணை விட்டால் நல்ல வில்லும் உடையும், அது நிஜம். ஆனால் இங்கே நாணை யாருமே விடவில்லை, இழுக்கும்போதே முறிந்தது. அதைச் சொன்னதும் பாதி விலையில் இன்னொரு வில் தருவதாகச் சொன்னார்! வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அப்புறம் என் எண்ணையே தடுத்துவிட்டார்.

உடைந்த துண்டுகளை எங்கள் தெரு ஆசாரியிடம் கொண்டு போனேன். எழுபது வயதுக்காரர், வில் செய்தவர் இல்லை, ஆனால் ஏணியும் கூரையுமாக வாழ்நாளெல்லாம் மூங்கிலோடு கிடந்தவர். முறிந்த இடத்தை நகத்தால் கீறினார். “இது மூங்கிலா, கரும்பா தம்பி? வெட்டி ஒரு மாசம்கூட ஆயிருக்காது” என்றார். சந்தேகத்துக்கு ஒரு துண்டைச் சமையலறைத் தராசில் வைத்தேன், 212 கிராம். நிழலில் ஐந்து நாள் போட்டு வைத்து மறுபடி வைத்தேன், 187. எடை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றால் மூங்கில் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது என்றுதானே பொருள். வில் வாங்கினால் வாரம் ஒருமுறை எடை போடுங்கள், எடை ஒரே இடத்தில் நிற்கும்வரை நாணேற்றாதீர்கள்.

ஈரம் ஒரு குற்றம்தான். அதைவிடப் பெரிய குற்றத்தை வார்னிஷ் மறைத்திருந்தது. மூங்கிலின் வலுவெல்லாம் வெளித்தோலை ஒட்டித்தான், நார் அங்கேதான் நெருக்கம். உள்ளே போகப் போகச் சோறுபோல் இளகும். வில்லை இழுக்கும்போது நம் முகத்தைப் பார்க்கும் பக்கம் அமுங்குகிறது, இலக்கைப் பார்க்கும் பக்கம் இழுபடுகிறது. அந்த இழுபடும் பக்கத்தில் பச்சைத்தோல் அப்படியே இருக்க வேண்டும், கணுமேட்டை லேசாக ராவுவதைத் தவிர அங்கே கத்தி படக் கூடாது. சீவுவதெல்லாம் உள்பக்கத்தில்தான். மர வில் என்றாலும் கணக்கு இதுதான், முதுகு, அதாவது அந்த இழுபடும் பக்கம், நெடுக ஒரே ஆண்டு வளையம் அறுபடாமல் ஓட வேண்டும். இவர்களோ பார்வைக்கு வழவழப்பாக இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் இழைப்புளி போட்டு இழைத்து, மஞ்சள் வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். வார்னிஷ் அடிக்காத வில்லைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவரிடம் வாங்க வேண்டாம்.

நீளமும் தப்பு. என் வில் 4 அடி. 28 அங்குலம் இழுக்க வேண்டிய சாதாரண வில் அந்த 28 அங்குலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேலே, ஐந்தரை அடியாவது இருந்தால்தான் தாங்கும். காய்ந்த மூங்கிலாகவே இருந்தாலும் அந்த 4 அடி என்றாவது ஒருநாள் உடைந்திருக்கும்.

மீதி 3,500 ரூபாய் போன கதை இன்னும் கேவலம். இரண்டாம் நாள் சாயங்காலம், எல்லோரும் கிளம்பும் நேரத்தில், என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு வளரியை, அதாவது எறிந்து தாக்கும் வளைந்த தடியை, துணி பிரித்துக் காட்டினார். சிவகங்கைச் சீமையில் ஒரு குடும்பத்தில் வாங்கியதாம், 150 வருடப் பழசாம், எறிந்தால் சுற்றிக் கைக்கே திரும்பி வருமாம். மதுரைக்காரனுக்கு வளரி என்றால் புத்தி வேலை செய்யாது. சின்ன மருதுவிடம் வளரி எறியப் பழகிய கம்பெனிப் படை அதிகாரி கர்னல் வெல்ஷ், கைதேர்ந்தவன் எறிந்தால் 100 கெஜத்துக்குள் குறி தப்பாது என்றுதான் 1830இல் எழுதினார். திரும்பி வரும் என்று எழுதவில்லை. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும், தெரிந்தும் வாங்கினேன்.

வீட்டில் ஈரத்துணியால் துடைத்தேன், தேயிலைச் சாயம் இறங்கியது. பிடியின் ஓரத்தில் பென்சில் கோடு தெரிந்தது. பலகையில் அச்சு வைத்து வரைந்து அறுத்திருக்கிறார்கள். வளைந்து வளர்ந்த கிளையில் செய்திருந்தால் நார் வளைவோடு கூடவே ஓடும். இதில் வளைவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நேராக ஓடுகிறது, தரையில் ஒருமுறை பட்டால் நுனி போய்விடும். இன்னொன்றும் யோசித்திருக்கலாம். 100 வருடம் தாண்டிய கைவினைப் பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், உரிமம் இல்லாமல் அதை வியாபாரம் செய்ய முடியாது. ஆக அவர் சொன்னது மெய் என்றாலும் குற்றம், பொய் என்றாலும் மோசடி.

மான்கொம்புப் பிடி போட்ட கத்தி ஒன்றும் 6,000க்கு இருந்தது. நல்லவேளை, கையில் காசில்லை. காட்டில் தானாக உதிர்ந்த கொம்புதான் என்பார்கள், நம்பாதீர்கள். வனத்துறை பிடித்தால் வாங்கியவரும் உள்ளே போக வேண்டியதுதான்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை. ரசீது எதுவும் தரவில்லை, ஜீபே விவரமும் வாட்ஸ்அப் அறிவிப்பும்தான் கையில் இருக்கின்றன. உடைந்த துண்டுகளையும் எறியாமல் வைத்திருக்கிறேன்.

வகுப்புக்கு வந்தவர்களில் மூன்று பேரின் எண் கிடைத்தது. ஒருவர் தன் வில்லைப் படம் எடுத்து அனுப்பினார். நாண் பூட்டியபடியே வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறார், கைப்பிடிக்கு மேலே மயிரிழைபோல் ஒரு விரிசல். கீழே சோபாவில் அவர் பேத்தி உட்கார்ந்திருக்கிறாள். உடனே கழற்றச் சொன்னேன். மற்றவர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் போய் நாணை இறக்கிவிட்டு வாருங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.