நீர்க்கட்டிக்கு இயற்கை மருத்துவம்: திருநெல்வேலியில் பார்த்தது

இந்த முறை ஊருக்கு வந்ததில் பாதி லீவு ஆஸ்பத்திரி வேலையாகவே போனது. எனக்கு பிசிஓஎஸ், அதாவது சினைப்பை நீர்க்கட்டி, இருப்பது கல்யாணத்துக்கு முன்பே தெரியும். மெல்பர்னில் அதற்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பிளஸ் ஒன் படிக்கும் அண்ணன் மகளுக்கும் அதுதான் என்று ஸ்கேனில் சொல்லிவிட்டதாக மதினி போனில் அழுதார்கள். சரி, இரண்டு பேருக்குமாக இயற்கை மருத்துவத்தில் என்ன கிடைக்கிறது என்று நேரில் பார்த்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

முதலில் மதினி விசாரித்து வைத்திருந்த ஒரு தனியார் மையத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். பிள்ளை என்ன சாப்பிடுகிறாள், எத்தனை நாளுக்கு ஒரு முறை மாதவிடாய் வருகிறது, எதையும் கேட்கவில்லை. ஸ்கேன் தாளைப் பார்த்ததும், "48 நாள்ல கட்டியைக் கரைச்சிரலாம்" என்றார்கள். லேபிள் ஒட்டாத பிளாஸ்டிக் கவரில் பொடி, 12,000 ரூபாய். என்னிடம் மெட்ஃபார்மினை அன்றைக்கே நிறுத்தச் சொன்னார்கள். வாங்காமல் வந்துவிட்டோம். இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. ஸ்கேனில் தெரிவது கரைக்க வேண்டிய கட்டியே அல்ல. முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள். பிசிஓஎஸ் உள்ள பெரும்பாலோருக்கு உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்குவதில்லை, அதனால் இன்சுலின் கூடுகிறது. அது ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனைக் கூட்டிவிடுகிறது, முட்டை வெளிவருவது தடைப்படுகிறது. அந்த அடிப்படையைத் தொடாமல் பொடியால் எதைக் கரைப்பது?

அப்புறம் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். அங்கே யோகா, இயற்கை மருத்துவத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். அங்கே பார்ப்பவர்கள் ஐந்தரை வருடம் பி.என்.ஒய்.எஸ். என்ற இயற்கை மருத்துவ, யோகா பட்டப்படிப்பு படித்த டாக்டர்கள். ஆஸ்திரேலியாவில் நேச்சுரோபதி எனும் இயற்கை மருத்துவத்துக்கு அரசின் தேசியப் பதிவு முறையே கிடையாது, அதனால் எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரிந்தது.

எங்களைப் பார்த்த பெண் டாக்டர் ஸ்கேன் தாளைக் கடைசியில்தான் கையில் எடுத்தார். "எப்பம்மா வயசுக்கு வந்த?" என்று பிள்ளையிடம் கேட்டார். பன்னிரண்டில் என்றாள். வயதுக்கு வந்து 8 வருடம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று சொல்லக் கூடாது, அந்த வயதில் பல பிள்ளைகளுக்குச் சினைப்பை அப்படித்தான் தெரியும் என்றார். 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. அதை முன்னின்று தயாரித்தது நான் இருக்கும் மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம். பதின்வயதில் இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும்: மாதவிடாய் ஒழுங்கில்லாமை, ஆண்ட்ரோஜன் கூடியதற்கான அடையாளம். தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன் கோளாறு மாதிரி வேறு காரணம் இல்லை என்றும் பார்த்துவிட வேண்டும். அதற்காக அதே வளாகத்தில் மகளிர் மருத்துவப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். பரிசோதனை முடியாமல் சிகிச்சை இல்லை என்று ஓர் இயற்கை மருத்துவர் சொன்னதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அடுத்து, "தூக்கம் எப்படி, மனசு எப்படி இருக்கு?" என்றார். பிள்ளை தாடையைக் கையால் மூடிக்கொண்டுதான் பதில் சொன்னாள். ஸ்கூல் வேனில் பையன்கள் அவள் தாடை முடியைக் கிண்டல் செய்வது எங்கள் யாருக்கும் தெரியாது. டாக்டர் அவசரப்படாமல் கேட்டார். முடியை எடுப்பதில் தப்பே இல்லை, அதற்கு மருந்தும் உண்டு என்றார். வெளியே வந்ததும், "அத்தை, அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்றாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் சிகிச்சை தொடங்கியது. இடுப்புக் குளியல் தொட்டியில் முதலில் நான் உட்கார்ந்தேன். நாற்காலி மாதிரி சாய்மானம், தொப்புள் வரை பச்சைத் தண்ணீர், கால் இரண்டும் வெளியே. சொரசொரப்பான துணியால் அடிவயிற்றை இலேசாகத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு அடிவயிற்றில் மண்பட்டி, அதாவது ஈர மண் பற்று. சுகமாகத்தான் இருந்தது, அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். ஆனால் இதனால்தான் மாதவிடாய் சீராகும் என்று அந்த டாக்டரே சொல்லவில்லை. அவர் அழுத்திச் சொன்னது உணவும் உடற்பயிற்சியும்தான். எடை கூடுதலாக இருந்தால் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் திரும்புகிறது. யோகாவுக்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. ஆந்திராவில் பதின்வயதுப் பெண்களிடம் 12 வாரம் நடந்த ஆய்வில், சாதாரண உடற்பயிற்சி செய்தவர்களைவிட யோகா செய்தவர்களுக்கு ஆண்ட்ரோஜன் கூடுதலாகக் குறைந்தது.

உணவுப் பட்டியல் நம் அடுப்படியை வைத்தே இருந்தது, அதுதான் எனக்குப் பிடித்தது. சோறு குறையட்டும், தட்டில் பாதி காய் இருக்கட்டும், கூடவே பயறோ கொள்ளோ முட்டையோ மீனோ. உளுந்தங்களியை மதினி ஆவலாகக் கேட்டார்கள். உளுந்து நல்லது, ஆனால் கருப்பட்டியும் சர்க்கரைதான், அளவு வேண்டும் என்று பதில் வந்தது. சாயங்காலம் டியூஷனுக்கு முன்னால் டீயும் பஜ்ஜியும் என்ற பழக்கத்துக்குப் பதில் சுண்டல்.

நடைக்கு வ.உ.சி. மைதானம் பக்கம் போனோம். காலையில் சேலை கட்டிய பெண்கள் கூட்டமாக நடக்கிறார்கள், பிள்ளைக்கும் கூச்சம் இல்லை. ஆனால் இரவு ஒன்பது மணி வரை டியூஷன் வைத்துவிட்டு ஒரு பெண்பிள்ளையைக் காலை ஐந்தரைக்கு எழுப்பி நடக்கச் சொன்னால் எத்தனை நாள் நடப்பாள்? அண்ணனிடம் பேசி ஒரு டியூஷனை நிறுத்த வைத்தேன்.

பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பலர் சித்தத்தையும் இயற்கை மருத்துவத்தையும் ஒன்றாக நினைக்கிறார்கள். சித்தத்தில் உள்மருந்து உண்டு, இயற்கை மருத்துவத்தில் கிடையாது. சித்த மருந்து வேண்டுமானால் அங்கே காட்டி, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளைச் சொல்லி வாங்குங்கள். யூடியூப் பார்த்து மலைவேம்புச் சாறு குடிக்காதீர்கள்.

லீவில் வருகிறவர்கள் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களைக் கையோடு கொண்டுவாருங்கள். கடைசியாக வந்த மாதவிடாய்த் தேதிகளையும் குறித்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் வராமல் இருந்தால் இயற்கை மருத்துவத்துக்கு முன் மகளிர் மருத்துவரைப் பாருங்கள்; கருப்பையின் உள்சவ்வு தடித்துப்போக விடக் கூடாது. குழந்தைக்கு முயற்சி செய்பவர்களுக்கு முட்டை வெளிவர முதலில் தருவது லெட்ரோசோல் மாத்திரை. 35-ஐ நெருங்கியவர்கள் மண்பட்டியை மட்டும் நம்பி மாதங்களைக் கழிக்க வேண்டாம், இயற்கை மருத்துவம், மகளிர் மருத்துவரின் சிகிச்சை இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.