வரைந்தவர் யார் என்று சொல்லாத கடை

முதலில் மதிப்பெண்: ஐந்துக்கு மூன்று. அச்சுத் தரத்துக்கு மட்டும் என்றால் தயங்காமல் ஐந்து கொடுத்திருப்பேன். மற்ற விமர்சனங்கள் காகிதத்தையும் பார்சலையும் புகழ்வதோடு நின்றுவிடுவதால், குறைந்த இரண்டும் எதற்காக என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கதைகளிலும் தொடர்களிலும் வரும் பாத்திரங்களை ரசிகர்கள் வரையும் படங்களை, அதாவது ஃபேன் ஆர்ட்டை, மட்டும் விற்கும் இணையக் கடை இது. ஓவியர்கள் படங்களை ஏற்றுகிறார்கள். ஆர்டர் வந்த பிறகு கடையே அச்சிட்டு அனுப்புகிறது. விற்பனையில் ஒரு பங்கு ஓவியருக்குப் போகிறது. நான் படக்கதை வரைபவள். பிறர் படைத்த பாத்திரங்களைத் திரும்பத் திரும்ப வரைந்துதான் என் கை பழகியது. இன்று என் பாத்திரங்களைச் சிலர் வரைகிறார்கள், சிலர் விற்கவும் செய்கிறார்கள். ஆகவே இந்த வியாபாரத்தின் இரண்டு பக்கங்களும் எனக்கு நெருக்கமானவை.

வாங்கியதில் மிகச் சிறந்தது ஒரு மை ஓவியம். ஷெர்லாக் ஹோம்ஸ் வீட்டில் இல்லாத நேரத்தில் வாட்சன் மட்டும் கணப்பருகே உட்கார்ந்திருக்கிறார். எதிர் நாற்காலி காலி. ஆனால் மெத்தையில் பள்ளம் இன்னும் எழவில்லை. பதில் எழுதாத கடிதங்களை ஹோம்ஸ் கணப்பு மாடத்தின் மரத்தில் கத்தியால் குத்தி வைப்பார் என்று கதையில் வரும். அந்தக் கத்தியின் நிழல் நீண்டுவந்து வாட்சனின் கைமேல் விழும்படி வரைந்திருக்கிறார் ஓவியர். தடித்த, பளபளப்பில்லாத பருத்திக் காகிதம், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்). நீர்த்த மை காயும்போது விளிம்பில் கருத்துத் தேங்கும் அல்லவா, அதுகூட அச்சில் அப்படியே பதிந்திருக்கிறது. இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, மூலை மடங்காமல் அனுப்பியிருந்தார்கள்.

இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஹோம்ஸைப் படைத்த கானன் டாய்ல் 1930-இல் இறந்தார். கடைசிக் கதைகளுக்கு அமெரிக்காவில் மிச்சமிருந்த பதிப்புரிமையும் 2023 தொடக்கத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் உரிமை காலாவதியானதால்தான் இந்த ஓவியம் நேர்மையானது என்று நான் நினைக்கவில்லை. ஹோம்ஸ் என்றதும் நம் கண்ணில் நிற்கும் காது மடல் தொப்பியையே எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்கோம் பள்ளத்தாக்குக் கதையில் டாய்ல் எழுதியது தலையோடு ஒட்டிய துணித் தொப்பி என்று மட்டும்தான். 1891-இல் அதை வேட்டைக்காரர் தொப்பியாக வரைந்தவர் பத்திரிகை ஓவியர் சிட்னி பேஜெட். படம் வரைகிறவர் பாத்திரத்துக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறார். இந்த மை ஓவியமும் வாட்சனுக்கு ஒரு மாலைநேரத் தனிமையைக் கொடுத்திருக்கிறது. அதற்காக அந்த ஓவியர் காசு வாங்குவதில் எனக்குத் துளியும் உறுத்தல் இல்லை.

அடுத்து வந்தது ஒரு போஸ்டர். ஓர் அனிமேஷன் தொடரின் நாயகி மழையில் நின்று திரும்பிப் பார்க்கிறாள். ‘கையால் வரைந்தது’ என்று விளக்கத்தில் போட்டிருந்தார்கள். ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். கோடுகள் எல்லா இடத்திலும் ஒரே தடிமன். கையால் இழுத்த கோடு பெரும்பாலும் அப்படி இருக்காது. தலைமுடி நெற்றியிலிருந்து கிளம்பும் இடத்தில் அழுந்தும், நுனிக்குப் போகப் போக மெலியும். காதருகே ஒரு முடிக்கற்றை வேரே இல்லாமல், கன்னத்து நிறத்தோடு குழம்பி ஒரு திட்டாக நிற்கிறது. ஒரு படத்தைக் கணினி நிறத்திட்டுகளாகப் பிரிக்கும்போது நேரும் பிசகு அது. வரைகிற எவருக்கும் நேராது. தொடரில் அந்தக் காட்சியைத் தேடி நிறுத்திப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கண்மணியின் ஒளிப்புள்ளி, காலர் மடிப்பு, தோளில் தெறித்த துளிகள், எல்லாம் இம்மி பிசகாமல் அதே இடத்தில். மாறியிருந்தது பின்னணியின் நிறம் மட்டும். அந்தக் காட்சியை உண்மையில் வரைந்த அனிமேட்டரின் உழைப்புக்கு மேல் இன்னொருவரின் கையெழுத்து இருக்கிறது.

ஃபேன் ஆர்ட்டை விற்கலாமா என்ற வாதம் எப்போதும் காசைச் சுற்றியே நடக்கிறது. இலவசமாகக் கொடுத்திருந்தாலும் இந்தப் போஸ்டர் திருட்டுதான். காசு வாங்கினாலும் வாட்சன் ஓவியம் உழைப்புதான். சட்டம் இந்த அளவுக்குத் தாராளமானது அல்ல என்பது எனக்குத் தெரியும். உரிமை உயிரோடு இருக்கும் பாத்திரத்தைத் தழுவி உருவாக்கும் உரிமை பெரும்பாலும் உரிமையாளருக்கே. எவ்வளவு புதிதாக வரைந்திருந்தாலும் அவர் தடுக்கலாம். பாத்திரத்தை மட்டும் எடுப்பவருக்கே இந்த நிலை என்றால், அடுத்தவர் வரைந்த படத்தையே எடுப்பவருக்கு எந்த நியாயமும் மிச்சமில்லை.

பெரிய நிறுவனத்தின் படம்தானே, அதற்கென்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு புகைப்படக் கலைஞர் லின் கோல்ட்ஸ்மித்தின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். பாடகர் பிரின்ஸை 1981-இல் அவர் படம் எடுத்தார். 1984-இல் ஒரு பத்திரிகை 400 டாலர் கொடுத்து, ஓர் ஓவியத்துக்கு மூலமாக ஒரே ஒரு முறை பயன்படுத்த மட்டும் அனுமதி வாங்கியது. அதை வைத்து ஓவியர் ஆன்டி வார்ஹோல் ஒரு படத்தோடு நிற்காமல் ஒரு வரிசையே செய்தார். பிரின்ஸ் இறந்த 2016-இல் அதில் ஒன்றைப் பத்திரிகை அட்டையில் போட வார்ஹோல் அறக்கட்டளைக்குக் கிடைத்தது 10,000 டாலர். கோல்ட்ஸ்மித்துக்குக் காசும் இல்லை, பெயரும் இல்லை. 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மூலத்தை உருவாக்கியவர் எப்போதும் பெரிய நிறுவனமாக இருப்பதில்லை. கேமராவோடு நின்ற ஒரு பெண்ணாகவும் இருக்கலாம்.

என் அனுபவம் இதைவிடச் சிறியது. என் படக்கதையில் வரும் கீரிப்பிள்ளைக்கு ஒரு வாசகி மழைக்கோட்டு மாட்டி, பேட்ஜ் செய்து விற்றார். என்னிடம் கேட்கவில்லை. ஆனால் யாருடைய கீரி என்று அட்டையில் எழுதியிருந்தார். அந்த மழைக்கோட்டு எனக்குத் தோன்றியிராத விஷயம். எனக்கு வந்தது மகிழ்ச்சி மட்டும்தான். வேறொருவர் என் கட்டம் ஒன்றை அப்படியே வெட்டி, மூலையிலிருந்த என் கையெழுத்தை நிறம் பூசி மறைத்து விற்றார். அதைப் பார்த்த அன்று என்னால் பேனாவைத் தொட முடியவில்லை.

இந்தக் கடையின் பெரிய குறை, இந்த இரண்டு வகைக்கும் ஒரே அலமாரியைக் கொடுத்திருப்பது. போஸ்டர் விஷயத்தை எழுதிக் கேட்டபோது, உரிமையாளர் புகார் கொடுத்தால் நீக்கிவிடுவோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. புகார்ப் படிவத்தில் ‘நானே உரிமையாளர்’ என்ற கட்டத்தைக் குறிக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது. அமெரிக்காவில் 1998-இல் வந்த சட்டம் இணைய நிறுவனங்களுக்கு இந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது: நிபந்தனைகளுக்கு உட்பட்டு, புகார் வந்ததும் அகற்றினால் பொறுப்பு குறையும். சட்டப்படி அது போதுமானதாக இருக்கலாம். வாங்குகிற என்னிடம் பொய் விளக்கத்தோடு ஒரு பொருளைத் தள்ளிவிட்ட கடைக்கு அது போதாது. பணத்தை மறுபேச்சில்லாமல் திருப்பித் தந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

‘உரிமம் பெற்றவை’ என்று தனிப் பிரிவு ஒன்று இருக்கிறது. உரிமையாளரோடு ஒப்பந்தம் போட்டு, ஒவ்வொரு படத்தையும் அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே விற்கிறார்கள். நல்ல ஏற்பாடு. இந்தக் காசு பாத்திரத்தை முதலில் வரைந்த ஓவியரின் கைக்குப் போகும் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். சம்பளத்துக்கு வரைந்தவருக்கு உரிமை பெரும்பாலும் இருக்காது. ஜப்பானில் வொண்டர் ஃபெஸ்டிவல் என்ற பொம்மைக் கண்காட்சியில் இதைவிட எளிய வழி உண்டு. கையால் பொம்மை செய்யும் ரசிகர்களுக்கு அந்த ஒரு நாள், அந்த அரங்குக்குள் மட்டும் விற்க, அமைப்பாளர்கள் வழியாக உரிமையாளர் அனுமதி தருகிறார். சிறிய கைகளுக்குச் சிறிய அனுமதி. இணையக் கடைகள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

அனுமதி கொடுக்கும் வழியே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃபயர்ஃப்ளை என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஒரு பாத்திரம் அணிந்த ஆரஞ்சு நிறக் கம்பளித் தொப்பி ஒன்று போதும். தொடர் ஒளிபரப்பானது 2002-இல். விற்பனைக்கு என்று எந்த நிறுவனமும் செய்யாத காலத்தில் ரசிகர்கள் அதைப் பின்னி ஒருவருக்கொருவர் விற்றார்கள். 2013-இல் ஒரு நிறுவனத்துக்கு அதிகாரப்பூர்வ உரிமம் கிடைத்ததும், பின்னியவர்களுக்கு நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் போனது. சட்டம் நோட்டீஸ் அனுப்பியவர் பக்கம். நான் பின்னியவர்கள் பக்கம்.

ஸ்டிக்கர் தாளும் வாங்கினேன். ஒட்டும் தன்மை நன்று, தண்ணீர் பட்டும் சாயம் போகவில்லை. அக்ரிலிக் சாவிக்கொத்தின் விளிம்பு சொரசொரப்பு, வேண்டாம்.

இந்தக் கடையில் வாங்கப் போகிறவர்கள் பொருளின் பக்கத்தோடு நிற்காமல் ஓவியரின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். முதல் பென்சில் வரைவையோ, பாதி முடிந்த நிலையையோ போட்டிருப்பவரிடம் நம்பி வாங்கலாம். ஒரே பக்கத்தில் பத்து விதமான கை தெரிந்தால் வாங்க வேண்டாம். சந்தேகம் வந்தால் படத்தைத் தேடுபொறியில் ஏற்றித் தேடுங்கள். மூலம் இணையத்தில் இருந்தால் பெரும்பாலும் சிக்கிவிடும். வாட்சனை வரைந்தவருக்குத் தனியாக எழுதி, அவர் கையெழுத்திட்ட பிரதி ஒன்று கேட்டிருக்கிறேன்.